இரண்டாவது பாராவும் முந்நூறு கூடைகளும்

ஜெயித்த வழக்குகளைப் பற்றிப் பேசச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நான் போவதில்லை. ஜெயித்த வழக்கில் வக்கீலுக்கு என்ன பங்கு இருந்தது என்பது வக்கீலுக்கே சரியாகத் தெரியாது. தோற்ற வழக்கில் நன்றாகத் தெரியும். அதிலும் நானே உட்கார்ந்து எழுதி, நானே தோற்ற வழக்கு ஒன்று உண்டு. ஓசூர் கோர்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன். சட்டப் பிரிவுகள் புத்தகத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். இது புத்தகத்தில் இல்லை. கூடை பின்னும் ஓர் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது.

இன்றைக்கு உங்களிடம் வரும் கட்சிக்காரர் யார்? தொழிற்பேட்டையில் நட்டும் போல்ட்டும் செய்யும் சின்ன முதலாளி. "பெரிய கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்தார் சார், சரக்கு கேட்டார், அனுப்பினேன். இப்போ அவர் எங்க ஆளே இல்லைன்னு கம்பெனி சொல்லுது" என்று அழுவார். நீங்கள் லெட்டர்ஹெட் இருக்கிறதா, சீல் இருக்கிறதா என்று தேடுவீர்கள். ஐம்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் லெட்டர்ஹெட்டும் கிடையாது, சீலும் கிடையாது. வழக்குக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அப்போது நான் கிருஷ்ணகிரியில் வக்கீலாகி இரண்டு வருஷம். என்னிடம் இருந்தவை ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு வாடகை அறை, அந்த அறைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய பெயர்ப்பலகை. ஆபீஸில் என்னைத் தவிர இருந்தவர் குமாஸ்தா ஒருவர்தான். ஐம்பது வயது. எனக்கு முன்னால் மூன்று வக்கீல்களிடம் இருந்தவர். அந்த மூன்று பேரும் அவரால்தான் பிழைத்தார்கள் என்று ஊரில் பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சமும் பிடிக்காது.

ஒரு நாள் காலை சென்னப்பா வந்தார். மண்வேலைக் கன்ட்ராக்டர். ஏரிக்கரை உயர்த்துவது, ரோட்டுக்கு மண் கொட்டுவது என்று பாகலூரிலிருந்து ஊத்தங்கரை வரைக்கும் வேலை எடுப்பவர். ஆறடி உயரம், அதற்குத் தகுந்த அகலம். அவர் உட்கார்ந்ததும் என் நாற்காலி ஒரு சத்தம் போட்டது. கையில் வைத்திருந்த வக்கீல் நோட்டீஸை மேஜைமேல் போட்டார்.

விஷயம் இதுதான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரமாக எட்டுக் குடும்பங்கள் மூங்கில் பின்னிப் பிழைத்தன. எட்டு வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிறவர் நரசம்மா என்ற அம்மாள். அவர் முந்நூறு மண்கூடை பின்னி, மாட்டு வண்டிகளில் ஏற்றி, சென்னப்பா வேலை நடத்திய ஏரிக்கரையில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். மூன்று மாதமாகியும் பணம் வரவில்லை. அதனால் நோட்டீஸ்.

"நான் கூடையே கேக்கலைங்க" என்றார் சென்னப்பா. "போயிக் கேட்டவன் முனிராஜு."

"அவர் யார்?"

"என் பொண்டாட்டி தம்பிங்க."

"உங்களிடம் வேலை பார்க்கிறாரா?"

"வேலையா? அவனா?" என்று சிரித்தார். "லாரியில ட்ரைவர் பக்கத்துல உக்காந்து வருவான். அதுதாங்க அவன் பாக்கற வேலை."

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முனிராஜ் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. யார் எது கேட்டாலும் செய்து தருவார், யாரும் கேட்காததையும் செய்து தருவார். சென்னப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, அவருடைய பழைய கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் 'நம்ம கம்பெனி' என்பார். அந்தச் சமயத்தில் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் தென்பெண்ணையில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. மண்கூடைக்கு ஏகக் கிராக்கி. இன்னும் ஒரு மாதத்தில் கூடையே கிடைக்காது என்று யாரோ டீக்கடையில் சொன்னதைக் கேட்டுவிட்டு, மாமாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து, நேராகக் காட்டோரத்துக்குப் போய் முந்நூறு கூடைக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"எனக்கு அம்பது கூடை இருந்தாப் போதும்" என்றார் சென்னப்பா. "நான் இப்ப பணத்தைக் குடுத்துட்டேன்னு வெச்சுக்கங்க. நாளைக்கு அவன் போயி ஒரு ரோடு ரோலருக்குச் சொல்லிட்டு வருவான். அக்காவும் தம்பியும் சேந்துக்கிட்டு அதையும் என் தலையில கட்டுவாங்க. பணத்துக்குப் பாக்கலைங்க வக்கீலய்யா. அவன் என் ஆளு இல்லைன்னு கோர்ட்டே சொல்லிடணும். அந்தக் காயிதத்தக் கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டப் போறேன்."

"கூடைகள் இப்போது எங்கே இருக்கின்றன?"

"ஏரிக்கரையிலதான். ஒரு ஓரமாக் கெடக்குது."

நான் அதை அப்படியே குறித்துக்கொண்டேன். சும்மா கிடக்கிறதா என்று கேட்கவில்லை. இரண்டு வார்த்தை கேட்க எனக்கு வாய் வலித்துவிட்டது.

நோட்டீஸுக்குப் பின்னாலேயே வழக்கும் வந்தது. பதில் மனுவை இங்கிலீஷில் எழுதினேன். அந்தக் காலத்தில் எல்லாம் இங்கிலீஷ்தான். முதல் பாரா அழகாக வந்தது. முனிராஜ் என்பவர் பிரதிவாதியின் ஏஜெண்ட் இல்லை, அவருக்குச் சரக்கு வாங்கும் அதிகாரம் எதுவும் தரப்படவில்லை, ஆகவே பிரதிவாதி பணம் தரக் கடமைப்பட்டவர் இல்லை. முடிந்தது. முக்கால் பக்கம்கூட வரவில்லை.

அந்த முக்கால் பக்கத்தைப் பார்த்தேன். சென்னப்பா கொடுத்த ஃபீஸை நினைத்தேன். இவ்வளவு ஒல்லியான மனுவைக் கையில் கொடுத்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? கை ஊறியது. இரண்டாவது பாரா எழுதினேன். மேற்படி கூடைகள் உளுத்துப்போன மூங்கிலால் பின்னப்பட்டவை, மண் சுமக்க லாயக்கற்றவை, ஆகவே எப்படிப் பார்த்தாலும் அவற்றுக்கு விலை கிடையாது.

கவனியுங்கள். சென்னப்பா என்னிடம் கூடை உளுத்தது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான் ஒரு கூடையைக் கண்ணால் பார்க்கவும் இல்லை. பாராவைப் படித்துக் காட்டியபோது, "நல்லா வெயிட்டா இருக்குதுங்க, அதையும் போட்டுடுங்க" என்றார் சென்னப்பா. அவ்வளவுதான் அதற்கு ஆதாரம்.

டைப் அடிக்க உட்கார்ந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"மேல கூடையே வாங்கலைன்னு சொல்றோம். கீழ கூடை உளுத்ததுன்னு சொல்றோம். வாங்காதவருக்கு உளுத்தது எப்படித் தெரிஞ்சுது சார்?"

"ஒன்றுக்கொன்று பாதகம் இல்லாமல் இரண்டு எதிர்வாதம் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

"சட்டம் அனுமதிக்குது சார்" என்றார் அவர். அன்றைக்கு டைப்ரைட்டர் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டது.

நரசம்மாவின் வக்கீல் எனக்கு முப்பது வருஷம் மூத்தவர். கோர்ட்டில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். காது கொஞ்சம் மந்தம், அதனால் பேச்சு சத்தமாக வரும். என் பதில் மனுவை வாங்கி, கோர்ட்டு வராந்தாவில் நின்று, கட்சிக்காரிக்குப் புரியும்படி தமிழிலும் தெலுங்கிலும் மொழிபெயர்த்து உரக்கப் படித்தார். வராந்தாவில் அன்று பாதி தாலுகா உட்கார்ந்திருந்தது. அடுத்த ஓசூர் சந்தைக்குள் விஷயம் போய்விட்டது. காட்டோரத்துக் கூடை உளுத்த கூடை, வக்கீலே எழுதிவிட்டாராம், கோர்ட்டில் இருக்கிறதாம்.

அடுத்த வாய்தாவுக்கு வந்தபோது நரசம்மா வராந்தாவில் என்னை மறித்தார். குள்ளமான உருவம், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல்களில் மூங்கில் கிழித்த தழும்புகள்.

"சாமி, நீங்க எங்க மூங்கிலப் பாத்தீங்களா?"

"கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம் அம்மா."

"பாத்தீங்களா, இல்லியா? சந்தைக்கு நாப்பது கூடை கொண்டுட்டுப் போனேன். நாப்பதையும் திருப்பிக் கொண்டாந்தேன். ஆளாளுக்கு வந்து விரலால தட்டிப் பாக்கறான், சிரிக்கறான், போயிடறான். காட்டுல மூங்கில் வெட்ட பர்மிட்டுக்குக் கட்டின பணம் நிக்குது. அவுரு பணம் குடுக்கலைன்னா மூணு மாசம் கஞ்சி குடிச்சுக்கறோம். இந்த வார்த்த நின்னுதுன்னா எட்டு வீடும் எங்க போறது?"

நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கட்சிக்காரர் இல்லாதவரிடம் பேசக் கூடாது என்ற தொழில் தர்மம் எனக்கு அந்த நிமிஷத்தில் மிகவும் சௌகரியமாக இருந்தது. அன்று இரவு பதில் மனுவை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாராவை அடிக்கவில்லை. அடித்தால் குமாஸ்தா சொன்னது சரியென்று ஆகிவிடும்.

விசாரணை நாள் வந்தது. முன்சீப் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்கள் ஊர் மார்கழிக் குளிரைத் தாங்க முடியாமல் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு மண்கூடை இருந்தது. ஏரிக்கரையிலிருந்து வந்த கூடை, வாதி தரப்புச் சான்று. அதிலிருந்து செம்மண் உதிர்ந்து ஃபைல்மேல் விழுகிறதென்று பெஞ்ச் கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே ஊதித் தள்ளினார். நானும் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் கோட்டில் பட்டுவிடாமல் தள்ளி உட்கார்ந்தேன். ஓரமாகச் சும்மா கிடக்கும் கூடையில் மண் ஏன் ஒட்டுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நரசம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"முனிராஜ் சென்னப்பாவின் ஆள் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"அவுரே சொன்னாரு. நம்ம கம்பெனின்னாரு."

"கடிதம் ஏதாவது கொடுத்தாரா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. அவுரு கூடை மேல ஏறினாரு."

முன்சீப் மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு குனிந்தார். "என்ன ஏறினார்?"

நரசம்மா விளக்கினார். மண்கூடை வாங்க வருகிறவர் குவியலிலிருந்து ஒரு கூடையை உருவி, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நிற்பார். சின்னதாக ஆடிப் பார்ப்பார். தாங்கினால் அந்தக் குவியல் முழுக்க அவருடையது. அதற்கப்புறம் அந்தக் கூடைகளை வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். ஏறாமல் விலை மட்டும் கேட்டுப் போகிறவர்கள் ஆயிரம் பேர், அவர்கள் கணக்கில் இல்லை.

"ஓகோ!" என்றேன். சபையைச் சிரிக்க வைக்க ஆசை. "அப்படியானால் நான் வந்து ஏறி நின்றாலும் எனக்கு விற்றதாக அர்த்தமா?"

"ஏறித்தான் பாருங்களேன் சாமி."

சபை சிரித்தது. நான் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து சென்னப்பா கூண்டில் ஏறினார். என் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது. முனிராஜுக்கு உப்பு வாங்கக்கூட அதிகாரம் கிடையாது என்றார். கடைக்குப் போகச் சொன்னால் எந்தக் கடை என்று கேட்காமலே போய்விடுவான் என்றார். "அவன எங்க வீட்டு எருமை மாடுகூட நம்பாதுங்க" என்றபோது முன்சீப்பே மஃப்ளருக்குள் சிரித்தார். கடைசி பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாராம். குமாஸ்தா பிறகு சொன்னார்.

எதிர்த்தரப்புப் பெரியவர் கண்ணைத் திறந்தார். எழுந்தார். கூடையைக் காட்டினார்.

"சென்னப்பா, மண்வேலையில உங்களுக்கு எத்தனை வருஷம்?"

"இருபது வருஷமாச்சுங்க."

"இந்தக் கூடை நல்ல கூடையா, உளுத்த கூடையா?"

சென்னப்பா என்னைப் பார்த்தார். "பதில் மனுவுல உளுத்ததுன்னு இருக்குதுங்களே."

"மனுவை விடுங்க. உளுத்த கூடைன்னா ஏறினா உடைஞ்சுபோகும். ஒரு தடவை ஏறிக் காட்டுங்க, ஐயாவும் பார்க்கட்டும்."

இளம் நண்பர்களே, இதுதான் அந்த நிமிஷம். நான் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். கோர்ட்டு என்ன கழைக்கூத்து நடக்கும் இடமா என்று கேட்டிருந்தால் முன்சீப் ஒப்புக்கொண்டு வேறு கேள்விக்குப் போயிருப்பார். பாதி எழுந்தேன். குமாஸ்தா பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து மேலே தூக்குகிறார், முழுக்க எழுந்திரு என்று. நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் கூடை உடையும் என்று நான் நம்பினேன்! நாலு மாதமாக அந்தப் பாராவைத் திரும்பத் திரும்பப் படித்து, அந்த மூங்கில் உளுத்ததை நேரில் போய்ப் பார்த்தவன்போல ஆகிவிட்டேன். என் பொய்க்கு ஊரில் முதலில் ஏமாந்தவன் நான்தான்.

சென்னப்பா கூண்டிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கூடையைக் கவிழ்த்தார். கவிழ்த்த கை பழக்கத்தில் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தது. ஏறி நின்றார்.

கூடை சின்னதாக ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான். என் நாற்காலி இதைவிட அதிகமாக முனகியிருந்தது. சென்னப்பா ஆடிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. என் முகத்தைப் பார்த்தார். என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, ஒரு குதி குதித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேஜைமேல் மைக்கூடு ஆடியது, கூடை அப்படியே இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாமா, எறங்குங்க மாமா! அது உடையாது! நான் அன்னைக்கே ஏறி ஆடிப் பாத்துட்டுத்தானே எடுத்தேன்!"

முனிராஜ் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "மூணு மாசமா நம்ம ஆளுங்க அதுலதானே மண்ணு சுமந்தாங்க? ஒண்ணாச்சும் பிஞ்சுதா? முந்நூறு கூடை இருந்ததாலதானே மழைக்கு முந்திக் கரை முடிஞ்சுது? எருமை மாடு நம்பாதாம்ல, எருமை மாடு! இன்னைக்குக் காலையில இந்தக் கூடையக் கொண்டாந்து குடுத்ததே நான்தான். அந்த வக்கீலய்யா கேட்டாரு, குடுத்தேன்!"

டவாலிச் சேவகன் "சைலன்ஸ்" என்று கத்தினான். முன்சீப் மேஜையைத் தட்டினார். பெஞ்சிலிருந்து ஒருவர் கத்துவது சாட்சியம் ஆகாது, அது எனக்குத் தெரியும், பெரியவருக்கும் தெரியும். அவர் முனிராஜின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூடைமேல் நின்றுகொண்டிருந்த சென்னப்பாவைப் பார்த்து, சத்தமாக, ஆனால் மரியாதையாகக் கேட்டார்.

"ஒண்ணாவது பிஞ்சுதா?"

சென்னப்பா குனிந்து தன் காலடியைப் பார்த்தார். இருபது வருஷம் மண் சுமக்க வைத்த மனிதர். கூடையைப் பற்றி அவரால் பொய் சொல்ல முடியவில்லை. மச்சானைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்.

"இல்லைங்க" என்றார். "ஒண்ணுகூடப் பியலைங்க. நல்ல கூடைங்க."

அதோடு வழக்கு முடிந்தது. பியவில்லை என்றாலே அதில் மண் சுமந்தார்கள் என்று அவர் ஒப்புக்கொண்டதாகிவிட்டது. அதிகாரம் இல்லாதவன் போய்ச் சரக்குக்குச் சொல்லிவிட்டு வந்தாலும், வந்த சரக்கை எடுத்து முழுக்கப் பயன்படுத்தினால் நீ வாங்கியதாகத்தான் சட்டத்தில் அர்த்தம். முதல் பாராவோடு நின்றிருந்தால் அந்தக் கூடையை யாரும் சென்னப்பாவின் காலடியில் கொண்டுவந்து வைத்திருக்கவே மாட்டார்கள். தரம் பற்றிய பேச்சை எடுத்தவன் நான். எதிராளி நுழையக் கதவை நானே திறந்து, விளக்கையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முன்சீப் வாதிக்குப் பணம் தர உத்தரவு எழுதினார். நரசம்மா போகவில்லை.

"சாமி, பணம் சரி. அந்த வார்த்தைய அடிச்சுடச் சொல்லுங்க."

"கூடை நல்ல கூடை என்று தீர்ப்பில் எழுதுகிறேன் அம்மா."

"அது இங்கிலீசுல இருக்கும். சந்தையில யாரு சாமி படிப்பாங்க?" என்று சொல்லிவிட்டு நரசம்மா என் பக்கம் திரும்பினார். "எழுதினவரு வந்து ஏறட்டும். சந்தையில, எல்லாரும் பாக்க."

முன்சீப் பேனாவை மூடி வைத்தார். "அது என் அதிகாரத்தில் இல்லை" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து குமாஸ்தாவிடம் குதித்தேன். வக்கீல் சந்தையில் கூடைமேல் ஏறுவதா? நாளைக்கு எவன் என்னிடம் வழக்குக் கொண்டுவருவான்? அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"சார், முதல் பாரா கட்சிக்காரரோடது. ரெண்டாவது பாரா உங்களோடது" என்றார். "ஓசூர் பஸ் காலையில ஆறரைக்கு."

போனேன். கோட்டைப் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று நரசம்மா சொல்லி அனுப்பியிருந்தார், கோட்டு இல்லாவிட்டால் யாரென்று தெரியாதாம். ஓசூர் சந்தையில் ராகி மூட்டைகளுக்கும் புளிக் குவியலுக்கும் நடுவில் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் ஏறி நின்றேன். நரசம்மா தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கூவினார். உளுத்தது என்று எழுதிய வக்கீல் இவர்தான், வந்து பாருங்கள். மூன்று மொழியில் வெட்கப்படுவது எப்படி என்று அன்று தெரிந்துகொண்டேன். கூட்டம் சேர்ந்தது. ஆடச் சொன்னார்கள், ஆடினேன். பாகலூர்க்காரர் ஒருவர் குதிக்கச் சொன்னார், குதித்தேன். "உளுத்தது என்று நான் எழுதியது பொய். நான் பார்க்காமல் எழுதினேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அந்தப் பாகலூர்க்காரர் அப்போதே இருபது கூடைக்கு விலை பேச ஆரம்பித்தார்.

நான் இறங்கிக் கோட்டைத் தட்டிக்கொண்டேன். கிளம்பப் பார்த்தால் நரசம்மா வழியில் நிற்கிறார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஏறிட்டீங்களே சாமி. எத்தனை போடட்டும்?"

பையில் இருந்தது திரும்பிப் போக பஸ் சார்ஜ். அப்போது பின்னால் ஒரு குரல்.

"பத்துப் போடும்மா! நம்ம வக்கீலய்யாவுக்கு நான் சொல்றேன். பணம் அடுத்த வாரம் வரும். நான் இருக்கறேன்ல?"

முனிராஜ். கறுப்புக் கண்ணாடி, மாமாவின் கோட்டு. மாமாவின் லாரி சந்தை ஓரமாக நின்றுகொண்டிருந்தது. லாரியில் சென்னப்பா உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இப்போ தெரியுதா?' என்று கேட்கிற பார்வை.

நரசம்மா என் முகத்தைப் பார்த்தார். இந்த மனிதர் என் ஆள் இல்லை, இவருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று நான் சொல்லலாம். ஒரு முழுப் பாராவாக மனப்பாடமாக இருந்தது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பத்துக் கூடையையும் முனிராஜே லாரியில் ஏற்றிக் கிருஷ்ணகிரியில் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த வாரம் பணம் அனுப்பினேன்.

அந்தப் பத்தில் ஒன்று இன்னும் என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக நான் எழுதிய இரண்டாவது பாராக்கள் எல்லாம் அதில்தான் விழுந்தன. உங்களுக்கும் ஒரு நாள் முக்கால் பக்கத்தோடு பேனா நிற்கும், கை ஊறும். அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து அந்தக் கூடைமேல் ஒரு தடவை ஏறி நின்றுவிட்டுப் போங்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏறினாலும் அது உங்களுடையது ஆகாது. நான் விற்பதாக இல்லை.